பல்லுக்கு ஒரு லென்ஸ்

வலது பக்கமா சார்? பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க. வலதுதான், வீக்கமே சொல்லுதே. உக்காருங்க. உள்ள ஒரு அம்மாவுக்கு ரூட் கெனால் நடக்குது, முடிய அரை மணி ஆகும். உங்களைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு உக்காரச் சொன்னாங்க. தண்ணி அங்க இருக்கு. இடது பக்கமா விட்டு முழுங்குங்க.

என்ன பாக்குறீங்க, அந்தக் கேமராவையா? அதைப் பாத்தா எல்லாருக்கும் ஒரு திகில்தான். போன வாரம் ஒரு பெரியவர் இதுலதான் பல்லைப் புடுங்குவாங்களான்னு கேட்டுட்டார். அது வெறும் கேமராங்க. முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறது மேக்ரோ லென்ஸ். ரெண்டு பக்கமும் காது மாதிரி விரிஞ்சிருக்கிறது சின்ன ஃப்ளாஷ், அதுமேல ஒட்டியிருக்கிறது டிரேசிங் பேப்பர். உங்க பல்லையும் அதுலதான் எடுக்கப் போறோம். எடுக்கிறது நான்தான். பயப்படாதீங்க, இப்ப எடுக்க வருது. வராத காலம் ஒண்ணு இருந்துச்சு. ரொம்பப் பழைய காலம் இல்லை, போன வருஷம் ஆனி மாசத்துல இருந்து ஐப்பசி வரைக்கும்.

உங்களால வாயைத் திறக்க முடியாது. என்னால வாயை மூட முடியாது. அரை மணி நேரம் போயிடும், கேளுங்க.

என் பேர் அறவாழி. உள்ள இருக்கிற டாக்டர் அமுதவல்லி என் வீட்டம்மா. நான் ஒரு சர்க்கரை ஆலையில கொள்முதல் பிரிவுல இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். சாக்கு, போல்ட்டு, கிரீஸ், கந்தகம், எதுவா இருந்தாலும் மூணு கொட்டேஷன், ஒரு ஒப்பீட்டுப் பட்டியல், கீழ என் குறிப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. மிக்ஸி வாங்க நான் பட்டியல் போட்டு முடிச்சப்ப அந்த மாடலே நின்னுபோச்சு. அதுவரைக்கும் வீட்டம்மா அம்மியில அரைச்சாங்க. பல் டாக்டர், நாள் பூரா கிளினிக்ல நின்னுட்டு வந்து அம்மியில தேங்காய்ச் சட்னி அரைப்பாங்க. நான் அப்ப பெருமையாத்தான் இருந்தேன், அவசரப்பட்டு வாங்காம விட்டோம்னு.

ரிடையர் ஆனதும் இந்த நாற்காலியில உக்கார வெச்சாங்க. வர்றவங்க பேரை எழுதி உள்ள அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. முதல் வாரமே நான் அதைச் சீர்திருத்தப் பாத்தேன். வந்த வரிசையில எதுக்கு, வலியோட அளவுல கூப்பிடலாமேன்னு ஒரு படிவம் அடிச்சு வெச்சேன். பத்துக்கு எவ்வளவு வலின்னு அவங்கவங்களே எழுதணும். எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டாங்க. ஒருத்தர் பன்னெண்டு போட்டார். பல்லு சுத்தம் பண்ண வந்தவர் அவர். டாக்டர் அந்தப் படிவத்தைப் பாத்துட்டு, மடிச்சுக் குப்பையில போட்டாங்க. அவங்க அப்படித்தான். கோபம் வந்தா எதையாவது மடிப்பாங்க.

அந்த ஆனி மாசம், பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரம் இருக்கும், கரடிக்குட்டையில இருந்து எஸ்தர் டீச்சர் வந்தாங்க. அங்க நடுநிலைப் பள்ளியில வேலை. கூட நாலு பொம்பளைப் பிள்ளைங்க. நாலும் உள்ளங்கையால வாயை மூடிக்கிட்டு இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்குதுங்க. நான் பல்வலின்னு நினைச்சு அந்தப் படிவம் ஏதாவது மிச்சம் இருக்கான்னு தேடினேன். வலி இல்லை சார். பல்லெல்லாம் பழுப்பு. ஒரு பிள்ளைக்குக் காப்பிக் கொட்டை நிறம். சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு, நடுவுல பழுப்புத் திட்டு, சிலதுல குழி குழியா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, பல்லு விளக்காத பிள்ளைங்க. அதை வாய்விட்டும் சொல்லிட்டேன், வேப்பங்குச்சியில நல்லாத் தேய்ங்கன்னு. டாக்டர் உள்ள இருந்து கேட்டுட்டாங்க. வெளிய வந்து, அது தேய்ச்சாப் போகாது, போர்த் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு, பால் பல்லு விழுந்து முளைக்கிற பல்லு ஈறுக்குள்ள இருக்கும்போதே அப்படி ஆயிடும், பிள்ளைங்கமேல குத்தம் இல்லைன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. ஆனா மேஜைமேல இருந்த துண்டை எடுத்து நாலா, எட்டா மடிச்சாங்க.

டீச்சர் வந்த காரணம் இதுதான். கூட்டுக் குடிநீர்க் குழாய் அடுத்து எந்தெந்த ஊருக்குப் போகணும்னு ஐப்பசியில ஒரு கூட்டத்துல முடிவு பண்றாங்க. இவங்க ஊர்ல இருந்து மனு கொடுத்தாச்சு. அதிகாரி நல்ல மனுஷன்தான். மனு எல்லா ஊரும் கொடுக்குது, கண்ணால பாக்கிற மாதிரி ஏதாவது கொண்டாங்கன்னு சொல்லியிருக்கார். டீச்சர் ஃபோன்ல எடுத்துப் பாத்திருக்காங்க. கிட்டப் போனா மங்குது, தள்ளி வந்தா பல்லே தெரியலை, வாய்தான் தெரியுது.

டாக்டர் சரின்னுட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நாப்பத்து மூணு பேர் பல்லையும் படம் எடுத்து, எத்தனை பேருக்கு எந்த அளவுன்னு எழுதிக் கொடுக்கிறேன்னாங்க. பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குறது டீச்சர் வேலை. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. பையன் காலேஜ்ல ஆசைப்பட்டு வாங்கி மூணு மாசத்துல சலிச்சுப்போன கேமரா பீரோவுல கிடந்துச்சு. அதுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் வேணும், கைக்கு அடக்கமான விலையில, ஒரு வாரத்துல பாத்து வாங்கிடுங்கன்னாங்க.

வாங்குறது என் தொழில் சார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல அவங்க தொழிலுக்கு ஒரு பொருள் என்னை வாங்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. என்கிட்ட விடுன்னேன்.

அந்த ஒரு வாரம் ரெண்டரை மாசம் ஆச்சு.

என்னைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அந்த விஷயம் அப்படி. நான் லென்ஸுன்னா ஒரு கண்ணாடி, கேட்டா கொடுப்பான்னு நினைச்சேன். உள்ள போனா கடல். ஃபோன்ல மாட்டுற கிளிப்புக் கண்ணாடி இருக்கு. இருக்கிற லென்ஸுக்கு முன்னாடி பூதக்கண்ணாடி மாதிரி திருகுறது இருக்கு. இருக்கிற லென்ஸையே தலைகீழாத் திருப்பி மாட்டுறதுக்கு ஒரு வளையம் இருக்கு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல சொருகுற குழாய் இருக்கு. அப்புறம் நிஜ மேக்ரோ லென்ஸு, அறுபது எம்.எம்., தொண்ணூறு, நூறு. புதுசு, பழசு, தானா ஃபோகஸ் பண்றது, கையால திருகுறது. எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு. ஒரு வீடியோவுல ஒருத்தன் இதைத்தான் வாங்கணும்பான், அடுத்த வீடியோவுல அவனே அதை வாங்கினது முட்டாள்தனம்பான்.

பட்டியல் போட ஆரம்பிச்சேன். முதல்ல ஆறு கட்டம். அப்புறம் எடைக்கு ஒரு கட்டம், கண்ணாடி எத்தனை துண்டுக்கு ஒரு கட்டம், மூடி கூட வருமா வராதாங்கிறதுக்கு ஒரு கட்டம். பதினாலு கட்டத்துல வந்து நின்னுச்சு. வர்றவங்ககிட்ட எல்லாம் இதே பேச்சு. கடைவாய்ப்பல்லு வீங்கி வந்த ஒரு லாரி டிரைவர்கிட்ட பொருள் இருக்கிற அளவுக்கே படம் விழுறதுதான் நிஜ மேக்ரோன்னு விளக்கிக்கிட்டு இருந்தேன். பாதியில எழுந்து போயிட்டார். மறுநாள் வேற டாக்டர்கிட்ட பல்லை எடுத்துட்டதாக் கேள்விப்பட்டேன்.

மூணு வாரம் கழிச்சு டாக்டர் கேட்டாங்க, லென்ஸ் வந்துச்சான்னு. நான் பட்டியலைக் காட்டினேன். பொறுமையாப் படிச்சாங்க. சரின்னாங்க. காகிதத்தை ரெண்டா மடிச்சு என் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க. பாராட்டுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

முதல்ல அந்தக் குழாயை வாங்கினேன், விலை ரொம்பக் குறைச்சல். பிரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்லை சார். கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காத்து. ஆலையில இருந்திருந்தா சப்ளையருக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அப்படித்தான் இருக்கணுமாம். இருந்தாலும் காத்தை விலை கொடுத்து வாங்கினதை மனசு ஒத்துக்கலை. அதைத் தூக்கி வெச்சுட்டுத் திரும்பவும் பட்டியலுக்கு வந்தேன்.

இங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் அன்வர்னு ஒருத்தர் ஸ்டுடியோ வெச்சிருக்கார். கல்யாணப் படம், நகைக் கடைக்காரங்களுக்கு மோதிரம் தோடுன்னு படம் எடுக்கிறவர். அவர்கிட்டயும் ஒரு கொட்டேஷன் கேட்டேன். எதுக்குன்னு கேட்டார். பல்லுக்குன்னேன். அப்ப நூறு எம்.எம். எடுங்க சார், தள்ளி நின்னு எடுக்கலாம்னார். நூறுதான் விலை ஜாஸ்தி. விலை ஜாஸ்தியானதை ஒருத்தர் சிபாரிசு பண்ணினா அவரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடணும்ங்கிறது என் இருபத்தெட்டு வருஷ அனுபவம். எடுத்துட்டேன். தவிரவும், குளோசப்புன்னா கிட்டப் போறதுதானே? தள்ளி நிக்கிறதுக்கு எதுக்குக் காசு?

ஆவணி கடைசியில சேலத்துல ஒருத்தர்கிட்ட பழைய அறுபது எம்.எம். வாங்கினேன். பேரம் பேசிக் குறைச்சு, மூடியும் துடைக்கிற துணியும் சேத்து வாங்கிட்டு வந்தேன். அதுல இன்னொரு பெருமை, அபெர்ச்சர் ரெண்டு புள்ளி எட்டு. கதவை அகலமாத் திறக்கிற மாதிரி, நிறைய வெளிச்சம் உள்ள வரும். அந்த நம்பருக்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்தேன். அன்னிக்கி பஸ்ல வரும்போது லென்ஸை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தேன்.

புரட்டாசி முதல் வாரம் கரடிக்குட்டைக்குப் போனோம். நான், டாக்டர், இங்க உதவிக்கு இருக்கிற சகுந்தலா. பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பை ஒழிச்சுக் கொடுத்தாங்க. பிள்ளைங்க உதட்டை விரிச்சுப் புடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கு, அதை மாட்டி முதல் பிள்ளையை உக்கார வெச்சாச்சு.

நான் போனேன். கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனாத்தான் பல்லு பெருசா வருது. லென்ஸுக்கும் வாய்க்கும் நாலு விரக்கடைதான் இடைவெளி. பிள்ளை மூச்சு விட்டுச்சு, கண்ணாடி பூரா ஆவி. துடைச்சேன். திரும்ப மூச்சு. மூச்சை அடக்கிக்கோம்மான்னேன். அது பயந்து அடக்கினதுல முகம் சிவந்துபோச்சு. கேமரா தலையில இருக்கிற ஃப்ளாஷைப் போட்டா லென்ஸோட நிழலே வாய்மேல விழுது, மேல் பல்லு வெளிச்சம், கீழ் பல்லு கும்மிருட்டு. அப்புறம் என் ரெண்டு புள்ளி எட்டு. அகலமாத் திறந்த கதவுல ஒரு பல்லுதான் தெளிவா விழும், பக்கத்துப் பல்லு புகை மாதிரி ஓடிடும். இதெல்லாம் வீடியோவுல சொல்லியிருப்பான். அந்த இடத்துலதான் நான் அடுத்த வீடியோவுக்குத் தாவியிருப்பேன்.

பதினோராவது பிள்ளை என் லென்ஸுக்குள்ளேயே தும்மிடுச்சு.

எட்டாம் வகுப்புல வெண்ணிலான்னு ஒரு பொண்ணு. முதல் நாள் இங்க வந்த நாலு பேர்ல ஒருத்தி, அந்தக் காப்பிக் கொட்டை நிறம். அவ நாற்காலியில உக்காந்தா, ஆனா வாயைத் திறக்கலை. கை வாய்மேலேயே இருக்கு. நான் குனிஞ்சு, படம் அழகா வரும்மா, கையை எடுன்னேன். அவ கைக்குள்ளேயே பேசினா.

"இப்ப எங்க ஊருக்கு மட்டும்தான் சார் தெரியும். படம் எடுத்தா எல்லாரும் பாப்பாங்க."

டாக்டர் அவளை எழுந்து போகச் சொன்னாங்க. வற்புறுத்த வேண்டாம்னாங்க.

அன்னிக்கு மொத்தம் நூத்துக்கும் மேல படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம். ஒண்ணுகூடத் தேறலை. நான் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் சொன்னேன். ஜன்னல் கிழக்கால இருக்கு, நாற்காலி ஆடுது, பிள்ளைங்க அசையுதுங்க. டாக்டர் கடைசிப் படம் வரைக்கும் பாத்தாங்க. "ஐப்பசி இருபதாம் தேதி கூட்டம்"னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போனாங்க. அன்னிக்கு எதையும் மடிக்கலை. என் பட்டியலை நானே எடுத்து மடிச்சு வெச்சேன் சார்.

மறுநாள் அன்வர் கடைக்குப் போனேன். போற வழியில ரெண்டு தடவை திரும்பிட்டேன். பட்டியல்ல இருந்து நீக்கின சப்ளையர்கிட்ட நானே போய் நிக்கிறது அதுதான் முதல் தடவை. மனுஷன் சிரிக்கலை. எடுத்த படத்தைப் பாத்தார். பல்லுக்கும் லென்ஸுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சுன்னு கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். உள்ள போய் ஒரு பழைய நூறு எம்.எம். எடுத்துட்டு வந்தார். தானா ஃபோகஸ் பண்ற மோட்டார் செத்துப்போச்சாம், அதனால யாரும் வாங்காமக் கிடக்குதாம். என் அறுபதைக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கங்கன்னார். மோட்டார் செத்ததை எப்படிங்கன்னு கேட்டேன். என் ரத்தம் அப்படி.

"பல்லு ஓடுமா சார்? லென்ஸ்ல தூரத்தை ஒரு இடத்துல திருகி நிறுத்திட்டு நீங்க லேசா முன்ன பின்ன ஆடுங்க. தெளிவாத் தெரியுற நேரத்துல அமுக்குங்க."

அவ்வளவுதான். ரெண்டரை மாசம் நான் தேடினது அந்த ஒரு வாக்கியம். கதவைச் சின்னதா மூடுங்க, ரெண்டு புள்ளி எட்டை மறந்துட்டு இருபத்திரண்டுல வைங்க, வெளிச்சத்துக்குப் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சின்ன ஃப்ளாஷ், எச்சில் மினுங்காம இருக்க முன்னாடி டிரேசிங் பேப்பர்னு சொல்லி, அவரே ஒட்டியும் கொடுத்தார். அங்க தொங்குது பாருங்க, அதே பேப்பர்தான். இப்ப வாய்க்கும் எனக்கும் ஒன்றரைச் சாண் இடைவெளி. பிள்ளைங்க தாராளமா மூச்சு விடலாம்.

ஆனா பழகணுமே. யார் வாயில பழகுறது? சகுந்தலாகிட்ட கேட்டேன். சம்பளத்துல அது சேத்தி இல்லைன்னுட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கிளினிக் லீவு, டாக்டர் தானே வந்து அந்த நாற்காலியில உக்காந்தாங்க. வளையத்தை எடுத்தாங்க. கொஞ்ச நேரம் அதைக் கையில வெச்சுக்கிட்டே இருந்தாங்க. நேரமாகுது மாட்டுன்னேன் நான். மாட்டிக்கிட்டாங்க.

நான் ஆடினேன், தெளிவாத் தெரிஞ்சுது, அமுக்கினேன். கேமராவோட குட்டித் திரையில எதுவும் பாக்கலை. கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணினா, முன்னாடி ஆறு பல்லு முத்து மாதிரி வெள்ளை. அதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற பல்லெல்லாம் பழுப்பு. கோடு, திட்டு, குழி. கரடிக்குட்டைப் பல்லு சார். முதல்ல பிள்ளைங்க படம் ஏதோ கலந்துபோச்சுன்னு நினைச்சேன். பின்னாடி அவங்க நிக்கிறாங்க.

"முன்னாடி இருக்கிற ஆறும் மேல வெள்ளையா, மெல்லிசா ஓடு ஒட்டினது"ன்னாங்க. "காலேஜ்ல கடைசி வருஷம் கூடப் படிச்சவ ஒட்டிவிட்டா. அதுவரைக்கும் நான் வாயைத் திறந்து சிரிச்சதில்லை."

அவங்க பிறந்தது கரடிக்குட்டைக்கு ரெண்டு ஊர் தள்ளி. நான் அந்த ஊருக்கு முப்பத்தோரு வருஷமாப் போய் வர்றேன். அங்க காப்பி நல்லா இருக்காதுங்கிறது மட்டும்தான் நான் கவனிச்சது. மாமியார் என்கிட்டப் பேசும்போது முந்தானையால வாயை மூடிக்குவாங்க. மருமகன்மேல மரியாதைன்னு நினைச்சேன். பாதி ஊர் என்கிட்ட அப்படித்தான் பேசும். நானும் மரியாதையை வாங்கிக்கிட்டே நடந்திருக்கேன். நடுவுல ரெண்டு தடவை அந்த ஓடுகளை மாத்த சேலம் போயிருக்காங்க. என்கிட்ட மீட்டிங்னு சொல்லிட்டு. நான் பஸ் ஏத்திவிட்டிருக்கேன்.

ஏன் சொல்லலைன்னு அப்புறம் ஒரு நாள் கேட்டேன். முதல் வருஷம் பயம், அதுக்கப்புறம் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னாங்க. அது அப்புறம். அந்த ஞாயித்துக்கிழமை, அப்படி ஒரு விஷயம் கண்ணு முன்னாடி திறந்து நிக்கும்போது ஒரு புருஷன் என்ன சொல்லணும்? நீங்களே யோசிங்க. நான் சொன்னேன், "ஓரம் வரைக்கும் தெளிவா வந்திருக்கு."

அவங்க என்னையே பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க சார். அப்படி ஒரு சிரிப்பு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, கடைவாய் வரைக்கும் தெரிய. நானும் எதுக்குன்னு புரியாமச் சிரிச்சேன்.

கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னாடி திரும்பக் கரடிக்குட்டைக்குப் போனோம். இந்தத் தடவை மதியத்துக்குள்ள நாப்பத்திரண்டு பேர் முடிஞ்சுது. வெண்ணிலா ஜன்னல் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா. டாக்டர் அவளைக் கூப்பிட்டு அந்த ஞாயித்துக்கிழமைப் படத்தைக் காட்டினாங்க. யாருதுன்னு கேட்டா. என்னுதுன்னாங்க. அந்தப் பொண்ணு படத்தைப் பாத்தா, டாக்டர் முகத்தைப் பாத்தா, திரும்பப் படத்தைப் பாத்தா. நம்பலை. டாக்டர் ரெண்டு விரலால உதட்டோரத்தை இழுத்துக் காட்டினாங்க.

அப்பவும் அவ நாற்காலியில உக்காரலை. ஒரு கேள்வி கேட்டா. "நல்ல தண்ணி வந்தா என் பல்லு வெள்ளையாயிடுமா?"

நானா இருந்தா ஆயிடும்மான்னு சொல்லி உக்கார வெச்சிருப்பேன். காரியம் ஆகணும் இல்லையா? டாக்டர் பொய் சொல்லலை. "ஆகாது. உனக்கு முளைச்சு முடிஞ்சுபோச்சு. இப்ப சின்னதா இருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் நல்லா முளைக்கும்."

அவ, வீட்டுல தங்கச்சிக்கு ஒன்றரை வயசுன்னா. அப்புறம் வந்து உக்காந்தா, வளையத்தை எங்க கையில இருந்து தானே வாங்கி மாட்டிக்கிட்டா. நான் முன்ன பின்ன ஆடினேன். மூணு எடுத்தேன், மூணாவது நல்லா வந்துச்சு.

கூட்டத்துக்கு நானும் கேமராப் பையோட போனேன், பின்னாடி உக்காந்தேன். டாக்டர் நாப்பத்து மூணு படத்தையும் பிள்ளைங்க பேர் இல்லாம, வயசு மட்டும் போட்டு அடுக்கியிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல முதல் பக்கத்துல ஒண்ணு, பெண், வயது ஐம்பத்தி நாலு. அதிகாரி பக்கத்தைத் திருப்பிக்கிட்டே, இந்த வயசுல பள்ளிக்கூடத்துல யாரும்மான்னு கேட்டார். அது நான்தாங்கன்னாங்க. பத்திருபது பேர் இருந்த அறை சார். எல்லாரும் அவங்க வாயைப் பாத்தாங்க. அவங்க மூடிக்கலை. தண்ணியில எவ்வளவு இருக்கு, எத்தனை பிள்ளைங்களுக்கு எந்த அளவுன்னு தொடர்ந்து பேசிக்கிட்டே போனாங்க. எனக்குத்தான் தலையைக் குனிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. வெக்கத்துல இல்லை. வேற என்னவோ.

முதல் பட்டியல்ல ஊர் பேர் வரலை. அது முன்னாடியே முடிவானதாம். ரெண்டாவது பட்டியல்ல மேல வந்திருக்கு, அடுத்த வருஷம் குழாய் வரும்னாங்க. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துல தண்ணி சுத்தம் பண்ற மிஷின் வெச்சுக் கொடுத்தாங்க, தை மாசத்துல இருந்து ஓடுது. ஊர்க்காரங்க அதுல இருந்து குடத்துல புடிச்சுட்டுப் போறாங்க. வெண்ணிலா வீட்டுக்கும் போகுது. எஸ்தர் டீச்சர் சொன்னாங்க.

கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தோம். அந்த வளாகத்துல ஒரு பெரிய புங்க மரம். டாக்டர் நின்னு, ஒரு படம் எடுங்கன்னாங்க. நான் வளையம் கொண்டுவரலையேன்னேன். வளையம் எதுக்கு, முகத்தை எடுங்கன்னாங்க. நான் விளக்கினேன், இது நூறு எம்.எம்., முகம் முழுசா வரணும்னா ஆறு ஏழு அடி தள்ளி நிக்கணும்னு. அவங்க தள்ளிப் போய் மரத்தடியில நின்னாங்க. நின்னு சிரிச்சாங்க, அந்த ஞாயித்துக்கிழமைச் சிரிப்பு. நான் அமுக்கினேன். தூரத்தைத் திருகி வைக்க மறந்துட்டேன் சார். கேமரா இன்னும் ஒன்றரைச் சாண் தூரத்துல எதையோ பாத்துக்கிட்டு இருந்திருக்கு. மரம், புடவை, முகம் எல்லாம் தண்ணியில கரைஞ்ச மாதிரி வந்துச்சு. சிரிக்கிறாங்கங்கிறது மட்டும் தெரியும். அழிச்சுடறேன்னேன். விடலை. பெருசா பிரிண்ட் போட்டு எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்காங்க. வர்றவங்க எல்லாம் யாருன்னு கேக்கறாங்க.

இதெல்லாம் நான் வெளிய பேசலாமான்னு நீங்க நினைக்கலாம். டாக்டரே சொல்லலாம்னுட்டாங்க. எல்லார்கிட்டயும் தினமும் சொல்லுங்கன்னு சொல்லலை, அது வேற.

கதவு திறக்குது, அந்த அம்மா வர்றாங்க. எழுந்திருங்க சார், மெதுவா. உள்ள போனதும் நாற்காலியில சாஞ்சுக்கங்க, நான் கேமராவை எடுத்துட்டுப் பின்னாலயே வர்றேன். பல்லை நான் கலங்காம எடுத்துடுவேங்க. முகம்தான் இன்னும் கைவரலை.